கரடி ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. அதற்குக் கொஞ்சம் படுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. கதை இவ்வளவுதான். காடு அதைப் படுக்க விட்டிருந்தால் நானும் இதோடு முடித்துக்கொண்டு போயிருப்பேன். விடவில்லையே. அதனால் நீங்கள் மீதியையும் கேட்டாக வேண்டும்.

மேற்கு மலையில், மேகத்துக்குக் கழுத்தளவு உயரத்தில் இருந்த காடு அது. மார்கழி பிறந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல உறைபனி நிற்கும். எவ்வளவு குளிர் என்று கேட்டால், மற்ற மாதங்களில் தேனீ கொட்டினால் ஓடுகிற பிராணிகள் மார்கழியில் மட்டும் தேன்கூட்டுக்குக் கீழே நின்று, "இங்கே ஒண்ணு கொட்டும்மா, தோள்பட்டை விறைச்சுப் போச்சு" என்று கெஞ்சும். அவ்வளவு குளிர்.

ராஜா சிங்கம்தானே என்பீர்கள். சட்டப்படி சிங்கம்தான். ஆனால் அந்தக் காட்டுக்குச் சிங்கம் இன்னும் போஸ்டிங் ஆகி வரவில்லை. ரொம்ப காலமாகக் காலியிடம். அதுவரைக்கும் ஒரு புலி பொறுப்பு ராஜாவாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. நிரந்தரமான சிங்கம் என்றைக்காவது வந்து இறங்கிவிடுமோ என்று அதற்கு எப்போதும் ஒரு பயம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கரடியின் பெயர் சடையாண்டி. நல்ல மனசு, அதைவிட நல்ல நகம். காட்டில் எது இறுகிப் போனாலும், எது சிக்கிக்கொண்டாலும், யாருக்கு முதுகில் கை எட்டாவிட்டாலும் சடையாண்டியைத்தான் கூப்பிடுவார்கள்.

"சடையாண்டியண்ணே, ஒரு நிமிஷம்! என் வளைக்குள்ள கல்லு விழுந்துடுச்சு."

"அண்ணே, ஒரு நிமிஷம்! இந்தப் பலாப்பழத்தைப் பிளந்து குடுத்துட்டுப் போயிடுங்க."

அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கரடியும் முகம் கோணாமல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதற்குள்ளே ஒரு குறை இருந்தது. ரொம்ப நாளாக அதன் மண்டையில் ஒரு யோசனை பாதியில் நின்றுகொண்டிருந்தது. ஆரம்பம் மட்டும்தான் தெரியும். "நான் ஏன்…" என்று ஆரம்பிக்கும். அதற்குள் யாராவது "அண்ணே, ஒரு நிமிஷம்!" என்பார்கள். யோசனை அறுந்துவிடும். மறுபடி ஓடைக்கரையில் உட்கார்ந்து, "நான் ஏன்…" என்று ஆரம்பிக்கும். "அண்ணே!"

தும்மல் வருகிற மாதிரி வந்து வராமலே போனால் எப்படி இருக்கும்? அதை வருஷக்கணக்கில் அனுபவித்துப் பாருங்கள். கரடியின் கஷ்டம் புரியும்.

அந்த மார்கழியில் வடக்கேயிருந்து ஒரு வாத்து ஏரிக்கு வந்து இறங்கியது. இமயமலைக்கும் அப்பால், பனியே தரையாகக் கிடக்கிற ஊர் அதற்கு. தண்ணீர் குடிக்கப் போன சடையாண்டி மரியாதைக்குப் பேச்சுக் கொடுத்தது.

"உங்க ஊர்ல எங்க ஆளுங்க இருக்காங்களா?"

"கரடிதானே? நிறைய இருக்கு. ஆனா இப்பப் போனா ஒண்ணையும் பார்க்க முடியாது. பனிக்காலம் வந்ததும் குகைக்குள்ள போய்ப் படுத்துடும். பனி உருகினாத்தான் எழுந்திருக்கும்."

"சாப்பாடு?"

"சாப்பிடாது."

"அது பரவாயில்ல. யாராவது வந்து கூப்பிட்டா?"

"கூப்பிட மாட்டாங்க."

சடையாண்டி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டது.

"கூப்பிடவே மாட்டாங்களா?"

"எதுக்குக் கூப்பிடணும்? அது பாட்டுக்கு ஓய்வெடுக்குது. பனிக்காலமே அதுக்குத்தானே? மரம்கூட இலையை உதிர்த்துட்டுச் சும்மா நிக்குது."

கரடியின் கண் கலங்கியது. "அந்த ஊருக்கு எப்படிம்மா போறது?"

"பறந்துதான்."

கரடி தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கீழே போட்டுவிட்டது. போக முடியாவிட்டால் என்ன? இங்கேயே படுத்தால் போகிறது. இந்தப் பனிக்காலம் முழுக்கப் படுப்பது, அந்த "நான் ஏன்…"னுக்கு மீதி என்ன என்று கண்டுபிடிப்பது. முடிவு செய்துவிட்டது.

சருகெல்லாம் அள்ளிக் குகைக்குள் போட்டு மெத்தை கட்டியது. வாசலில் ஒரு தட்டியைச் சாத்தியது. படுத்தது. அடடா! சருகு முதுகில் பட்ட சுகத்தில் கண் தானாகச் சொருகியது. வெளியே பனி சொட்டுகிற சத்தம். உள்ளே இதமான இருட்டு. யோசனையும் மெல்ல எட்டிப் பார்த்தது.

"நான் ஏன்…"

"அண்ணே! உள்ளயா இருக்கீங்க?"

மந்தி பவுனுத்தாய். தட்டியைத் தள்ளிக்கொண்டு பாதி உடம்பு உள்ளே வந்துவிட்டது.

"காலையிலேருந்து உங்களைக் காணோமேன்னு பார்த்தேன். என்னண்ணே உடம்புக்கு?"

"ஒண்ணுமில்ல பவுனு. ஓய்வெடுக்கிறேன்."

"அதான் எதனாலன்னு கேக்குறேன்."

"எதனாலயும் இல்ல. சும்மா."

பவுனுத்தாயின் முகம் மாறியது. ஒரு பிராணி நோயில்லாமல் படுத்ததாக அந்தக் காட்டில் வரலாறு கிடையாது. "சொல்ல முடியாத வியாதி போலிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தாள்.

காட்டில் போன் ஏது என்று கேட்காதீர்கள். மலைக்குச் சுற்றுலா போய், குரங்கிடம் போனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். பவுனுத்தாயின் புண்ணியத்தில் ஆளுக்கொரு போன் இருந்தது. 'காட்டுச் சொந்தங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. அதில் அவள் போட்டாள்: "சடையாண்டி அண்ணன் படுத்துவிட்டார். பார்க்க நினைப்பவர்கள் சீக்கிரம் பார்த்துவிடவும்."

இங்கே அந்தக் காட்டின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். யார் படுத்தாலும் எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பகை. "எங்க சித்தப்பா படுத்திருந்தப்ப நீ எட்டிப் பார்த்தியா?" என்று மூன்று தலைமுறைக்குக் கேட்பார்கள். வெறுங்கையோடு போகக் கூடாது. போனால் உடனே எழுந்து வரக் கூடாது. அதே மாதிரி படுத்து அப்புறம் எழுந்திருக்காமலே போன ஒரு சொந்தக்காரரைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு கஷாயம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒருவர் சொன்ன கஷாயம் தப்பு என்றும் சொல்ல வேண்டும். இதெல்லாம் பார்க்க வந்தவர் கடமை. படுத்திருப்பவருக்கும் கடமை உண்டு. எழுந்து உட்கார வேண்டும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க வேண்டும். கடைசியில் வாசல்வரை வந்து வழியனுப்ப வேண்டும்.

எல்லோரும் வந்தார்கள். மான் கூட்டம் வந்தது. அவர்கள் எங்கே போனாலும் கூட்டமாகத்தான் போவார்கள்; குகையில் நிற்க இடமில்லாமல் கரடி வெளியே போய் நின்றது. காட்டுக்கோழி குடும்பத்தோடு வந்து, மெத்தைச் சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்ல இடமாத்தான் படுத்திருக்கீங்க" என்றது. முள்ளம்பன்றி வந்து பாசத்தோடு கட்டிப்பிடித்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் கரடிக்கு நிஜமாகவே மருந்து தேவைப்பட்டது.

இந்தக் கூட்டத்தில் வந்த நரி சீனிச்சாமி மட்டும் திரும்பிப் போகவில்லை. வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன பழக்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் பார்த்துக்கிறேன், நீங்க கவலைப்படாமப் போய்ட்டு வாங்க" என்று எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. எதைப் பார்த்துக்கொண்டது என்றால், பழத்தை.

இதுவரைக்கும்கூடத் தாங்கியிருக்கலாம். நடுவில் காட்டெருமை மொக்கராசு ஒரு காரியம் செய்துவிட்டது. அதற்குக் குளம்பு பெரிது, போன் சின்னது. 'நலம் பெற வாழ்த்துகள்' என்று ஒரு பூப்படம் அனுப்ப நினைத்து அழுத்தியது. போனது பக்கத்துப் படம். அணையப் போகிற விளக்கு, கீழே 'ஆழ்ந்த இரங்கல்.'

அதைப் பார்த்துப் பத்துப் பேர் கை கூப்பினார்கள். அதைப் பார்த்து நாற்பது பேர்.

கரடி அப்போதுதான் கண்ணை மூடியிருந்தது. "நான் ஏன்…" என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தையின் வால்கூடத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் மலையே அதிர்கிறாற்போல ஓர் ஒப்பாரி.

"என் ராசா! எனக்கு முன்னாடி போயிட்டியே! இனிமே எனக்கு யாரு புத்து இடிச்சுக் குடுப்பா!"

யானை பெரியநாயகி. தும்பிக்கையில் காட்டுச் செவ்வந்தி மாலை. பின்னால் மயில்கள் மார்பில் அடித்துக்கொண்டு வந்தன. அவற்றுக்கு இறந்தவர் யார் என்று தெரியாது, கூப்பிட்டார்கள், வந்துவிட்டன.

கரடி எழுந்து வெளியே வந்தது. "அத்தே, நான் சாகல."

பெரியநாயகி அழுகையைச் சட்டென்று நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்த்தாள். "சாகலையா? அப்ப எதுக்குடா படுத்திருக்கே?"

"ஓய்வெடுக்க."

"எதுக்கு?"

"சும்மா, யோசிக்க."

"நல்ல பிள்ளைடா நீ. ஊரையே கூட்டி அழ வச்சுட்டு யோசிக்கிறியாம்." மாலையை வீணாக்க மனசில்லாமல் கரடியின் கழுத்தில் போட்டுவிட்டாள். "சரி, வந்தது வந்துட்டேன். நான் போற பாதையில ஒரு புத்து வளர்ந்திருக்கு. ஒரு நிமிஷம், இடிச்சுக் குடுத்துட்டு வந்து படுத்துக்கோயேன்."

"நாளைக்கு வர்றேன் அத்தே."

"நாளைக்கு வா. சாப்பிட்டேன், சாப்பிட்டேன், நீ கேக்கலைன்னாலும் சொல்றேன்" என்று குத்திக் காட்டிவிட்டுப் போனாள் பெரியநாயகி. கரடி வாசல்வரை போய் வழியனுப்பியது. மயில்களையும் வழியனுப்பியது.

திரும்பி வந்து, கழுத்தில் மாலையோடு கலைந்த சருகில் உட்கார்ந்து அழுதது.

"சீனி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்டா. ஒரே ஒரு யோசனை. அதை முழுசா யோசிக்கணும். இந்தப் பனிக்காலம் போனா அப்புறம் கோடை. கோடையில யாருக்கு மண்டை ஓடும்? அப்புறம் அடுத்த மார்கழி. அதுக்குள்ள நான் நிஜமாவே போயிட்டா, என்ன யோசிச்சேன்னு எனக்கே தெரியாமப் போயிடுவேனேடா."

நரி ஒரு கொய்யாவைக் கடித்து முடித்தது. சாவு இல்லையென்று தெரிந்த பிறகு இனிமேல் பழம் வரத்து குறையும் என்கிற கவலை அதற்கு. கவலையில்தான் நரிக்கு மூளை வேலை செய்யும்.

"உங்க தப்பு என்னன்னு சொல்லட்டுமாண்ணே? நீங்க வீட்ல படுத்தீங்க."

"வேற எங்கடா படுக்கிறது?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸ்னா?"

"அடிவாரத்துல கொஞ்ச காலம் ஒரு ஆபீஸுக்குப் பின்னாடி குடியிருந்தேன். உள்ள ஒரு மனுஷன் காலையில வந்து உட்காருவாரு. உட்கார்ந்ததும் தலை மேசையில சாஞ்சுடும். குறட்டை என் பொந்து வரைக்கும் கேக்கும். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், 'உடம்புக்கு என்ன'ன்னு கேட்டதில்ல. வெளிய அத்தனை கூட்டம் நிக்குது, இருமல் வந்தாக்கூட வாயைப் பொத்திக்கிட்டு ஓரமாப் போய் இருமிட்டு வருது. ஏன் தெரியுமா? வாசல்ல ஒருத்தன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, 'ஐயா மீட்டிங்ல இருக்காரு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்."

கரடி மூக்கை உறிஞ்சியது. "நமக்கு ஆபீஸ் யாருடா குடுப்பா? பொறுப்பு ராஜா பதவி குடுக்கணுமே?"

"யாருண்ணே அதெல்லாம் கேக்குறா? பலகை தொங்கினா பதவி இருக்குன்னு அர்த்தம்."

"உனக்கு இதுல என்ன லாபம்?"

நரி வெட்கப்படாமல் சொன்னது: "பார்க்க வர்றவங்க ஒரு தடவைதான் பழம் கொண்டு வருவாங்கண்ணே. மனு குடுக்க வர்றவங்க தினமும் கொண்டு வருவாங்க."

மறுநாள் காலையில் அதே குகை, அதே சருகு, அதே கரடி. ஒரே ஒரு வித்தியாசம். தட்டியின் மேல் கரித்துண்டால் எழுதிய பலகை தொங்கியது: 'தலைமைப் புற்று ஆணையர் அலுவலகம். அனுமதி இன்றி உள்ளே வரக் கூடாது.' வாசலில் வெட்டுப்பட்ட ஒரு மரத்துண்டு. அதன்மேல் கால்மேல் கால் போட்டுச் சீனிச்சாமி.

முதலில் வந்தது பவுனுத்தாய். "அண்ணே! ஒரு நிமிஷம்! என் போன் பாறை இடுக்கில விழுந்துடுச்சு…"

"ஷ்ஷ்! ஐயா மீட்டிங்ல இருக்காரு."

"எந்த ஐயா?"

நரி பலகையைக் காட்டியது. பவுனுத்தாய் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அடுத்து நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நேற்றுவரை தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள், இரண்டடி பின்னால் நகர்ந்து, வாலைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஐயா எப்ப ஃப்ரீ ஆவாருங்க?"

"சொல்ல முடியாது. டோக்கன் வாங்கிட்டு உட்காரு." ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்தது நரி. "சாப்பிட ஏதாவது கொண்டு வந்தியா? எனக்கில்ல. ஐயாவுக்கு."

அப்புறம் பெரியநாயகி வந்தாள், புற்று விஷயமாக. நேற்று 'டா' போட்டுத் திட்டியவள் இன்று பலகையைப் பார்த்ததும் தும்பிக்கையால் தலையில் மண்ணைத் தட்டிவிட்டு, "நம்ம சடையாண்டி ஐயாதானே? சின்னதிலேருந்தே நல்ல களைங்க அவருக்கு" என்று டோக்கன் வாங்கிக்கொண்டாள். மொக்கராசு முதுகு அரிப்புக்காக வந்தது. அதற்கும் ஓர் இலை கொடுத்தார்கள். அது சும்மா வைத்துக்கொள்ளுமா? தின்றுவிட்டது. டோக்கன் இல்லாததால் வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். அங்கே இன்னொரு இலை கொடுத்தார்கள். அதையும் தின்றது. பனிக்காலம் முழுக்க மொக்கராசு கடைசி ஆளாகவே இருந்தது. ஆனால் பட்டினி கிடக்கவில்லை.

உள்ளே, கரடிக்குக் காதில் பனி சொட்டுகிற சத்தம் மட்டும் விழுந்தது. கண்ணை மூடியது.

"நான் ஏன்…"

யாரும் கூப்பிடவில்லை.

"நான் ஏன் கூப்பிட்டதும்…"

கரடி மூச்சைப் பிடித்துக்கொண்டது. வெளியே யாரோ தும்ம வந்து அடக்கிக்கொண்டார்கள்.

"நான் ஏன் கூப்பிட்டதும் எழுந்து ஓடுறேன்?"

வந்துவிட்டது! முழுசாக வந்துவிட்டது! கரடி சந்தோஷத்தில் சருகில் ஒரு தடவை புரண்டது. கேள்வி கிடைத்துவிட்டது, இனிப் பதில்தான் பாக்கி. அதற்குத்தான் பனிக்காலம் முழுக்க இருக்கிறதே. நிம்மதியாகக் குறட்டை விட ஆரம்பித்தது.

"என்னங்க சத்தம் அது?" என்று வெளியே கேட்டாள் பெரியநாயகி.

"காரசாரமா விவாதம் போகுது" என்றது நரி.

இப்போது வெளியே நடந்ததைச் சொல்ல வேண்டும். வரிசையை விட்டு எழுந்தால் இடம் போய்விடும். அதனால் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காததால் வேலை செய்ய முடியவில்லை. மார்கழி வெயில் முதுகில் விழுந்தது. முதலில் எல்லோரும் நரியைத் திட்டினார்கள். பிறகு பொறுப்பு ராஜாவைத் திட்டினார்கள். திட்டுவதற்கு ஆள் தீர்ந்த பிறகு சும்மா உட்கார்ந்தார்கள். அந்தக் காடு உண்டானதிலிருந்து அவ்வளவு பேர் சேர்ந்தாற்போலச் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பெரியநாயகி புல் நுனியில் பனி உருகுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷமா இதுமேல நடந்திருக்கேன். ஒரு நாளும் கீழ பார்த்ததில்லையே" என்றாள்.

கையில் போன் இல்லாத பவுனுத்தாய் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குட்டியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அழகா இருக்கே, யாரு பிள்ளை இது?" என்று கேட்டாள்.

"உன்னோடதுதான்" என்றாள் பெரியநாயகி.

வரிசைக் கடைசியில் மொக்கராசு அசைபோட்டபடி யோசித்துக்கொண்டிருந்தது. திடீரென்று, "அடப் பாவிகளா!" என்று கத்தியது.

"என்னப்பா?"

"நான் தலையாட்டினது ஈயை விரட்ட! அதைச் சம்மதம்னு நம்பித்தான் எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கீங்க!"

இப்படியே எல்லோருக்கும் ஆளுக்கொரு ஞானம் வந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் வரிசை திடுக்கிட்டு எழுந்து நின்றது. பொறுப்பு ராஜா புலி வந்துகொண்டிருந்தது.

"எவன்டா அவன் ஆணையர்? நான் எந்தப் பதவியும் குடுக்கலையே! சடையாண்டி! வெளிய வா!"

நரி ஓடிவிடலாமா என்று பார்த்தது. பக்கத்தில் பாதி தின்ற சீத்தாப்பழம் இருந்தது. அதை விட்டுவிட்டு ஓட மனசு வரவில்லை. வாயில் பழகிப்போன வார்த்தை தானாக வந்து விழுந்தது.

"ஐயா மீட்டிங்ல இருக்காருங்க ராஜா."

"மீட்டிங்கா? யாரோட?"

உள்ளேயிருந்து கரடி ஒரு குறட்டை விட்டது. சாதாரணக் குறட்டை இல்லை. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, குகைச் சுவரில் மோதி, கர்ஜனையாக வெளியே வந்தது.

புலியின் மீசைத் துடிப்பு நின்றுவிட்டது. "யாரு… அது?"

நரி ஒரு கணம் புலியின் கண்ணைப் பார்த்தது. அங்கே இருந்த பயத்தையும் பார்த்தது. "சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைங்க ராஜா" என்றது, தரையைப் பார்த்துக்கொண்டு.

"வந்துட்டாரா?" புலியின் குரல் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. "எப்ப வந்தாரு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேப்பா. வரவேற்புக்கு ஒண்ணுமே ஏற்பாடு பண்ணலையே. நான்… நான் உள்ள போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுறேன்."

நரி தடுப்பதற்குள் புலி தட்டியை விலக்கி, குனிந்து, கால் நுனியால் நடந்து பவ்வியமாக உள்ளே போய்விட்டது.

தட்டி மூடிக்கொண்டது. வெளியே பெரியநாயகி தும்பிக்கையால் கண்ணை மூடிக்கொண்டாள். கரடி செத்தது, இந்தத் தடவை நிஜமாகவே என்று எல்லோரும் நினைத்தார்கள். மொக்கராசு பழைய படத்தைத் தேட ஆரம்பித்தது.

உள்ளே புலி சுற்றிலும் பார்த்தது. சிங்கம் இல்லை. சருகில் கரடி மட்டும் மல்லாந்து கிடந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

"சிங்கம் எங்க?" என்றது புலி மெதுவாக.

"எந்தச் சிங்கம்? நான் மட்டும்தான் இருக்கேன் ராஜா. பொய் சொல்ல மாட்டேன். நான் தூங்குறேன். ஒரு கேள்விக்குப் பதில் யோசிக்கணும், அதுக்காக. அடிக்கிறதுன்னா அடிச்சுடுங்க. ஆனா பதில் பக்கத்துல வந்துடுச்சு. அது வந்தப்புறம் அடிச்சீங்கன்னா நல்லாயிருக்கும்."

சிங்கம் வரவில்லை என்று தெரிந்ததும் புலி பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. எத்தனை வருஷப் பயம்! ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டு, வேண்டாத இடத்தில் உறுமி, ராஜா மாதிரியே நடந்து நடந்து வலித்த கால். அப்படியே சுவரில் சாய்ந்தது. சருகு மெத்தென்று இருந்தது. வெளியே கூட்டம், ஆனால் ஒரு சத்தம் இல்லை.

"இங்க யாரும் வர மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க ராஜா."

புலி சருகை ஒரு தடவை கையால் அமுக்கிப் பார்த்தது. பிறகு சொன்னது:

"கொஞ்சம் தள்ளிப் படு."

வெளியே காத்திருந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு குறட்டை கேட்டது. பிறகு, அதோடு சேர்ந்து இன்னொரு குறட்டை. நரி நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, கரித்துண்டை எடுத்துப் பலகையில் ஒரு வரி சேர்த்தது: 'உயர்மட்டக் கூட்டம் நடைபெறுகிறது.'

அன்றைக்குப் பழம் இரண்டு மடங்கு வந்தது.

பங்குனி வெயில் ஏறி, புல்லில் பனி நின்றுபோன பிறகு ஒரு நாள் காலையில் தட்டி திறந்தது. முதலில் புலி வெளியே வந்தது. யாரையும் பார்க்காமல், முக்கியமான முடிவு எடுத்த முகத்தோடு நேராகப் போய்விட்டது. பின்னால் சடையாண்டி. ரோமமெல்லாம் பளபளவென்று இருந்தது. கண்ணில் ஒரு தெளிவு.

"ரொம்ப நாள் காக்க வச்சுட்டேன். சொல்லுங்க அத்தே, எந்தப் புத்து?"

பெரியநாயகி நெளிந்தாள். "அது கிடக்கட்டும்ப்பா. அதைச் சுத்திக்கிட்டு இன்னொரு வழி இருக்கு. உட்கார்ந்து பார்த்தப்பத்தான் தெரிஞ்சுது. அதுல நிழல்கூட இருக்கு."

மொக்கராசுக்கு அரிப்பு இல்லை. வரிசைக் கடைசியில் ஒரு மரம் இருந்தது, அதில் தேய்த்துக்கொண்டாகிவிட்டது. பவுனுத்தாய் போனைப் பற்றிப் பேசவே இல்லை. குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப யாருக்கும் என்கிட்ட வேலை இல்லையா?" என்றது கரடி.

"இல்லைங்க ஐயா" என்றாள் பெரியநாயகி. "ஆனா ஒண்ணு கேக்கணும். இவ்வளவு நாள் மீட்டிங் நடத்தினீங்களே, என்ன முடிவு பண்ணீங்க?"

எல்லோரும் கரடியைப் பார்த்தார்கள். கரடி தொண்டையைச் செருமிக்கொண்டது. எத்தனையோ வருஷம் சுமந்த கேள்வி, ஒரு பனிக்காலம் முழுக்க யோசித்த பதில். நிதானமாகச் சொன்னது:

"நான் ஏன் கூப்பிட்டதும் எழுந்து ஓடுறேன்னு யோசிச்சேன். பதில் கிடைச்சுடுச்சு. ஓடாமப் படுத்தா நீங்க எல்லாரும் பார்க்க வந்துடுறீங்க. அதுக்கு ஓடுறதே தேவலை."

மொக்கராசு மட்டும் மெதுவாகத் தலையாட்டியது. ஒத்துக்கொண்டதா, ஈயை விரட்டியதா என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

அடுத்த மார்கழியில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரு பலகை தொங்கியது. யானை தலைமைப் பாதை ஆணையர். மந்தி கிளைகள் துறை இயக்குநர். மொக்கராசு டோக்கன் கட்டுப்பாட்டு அதிகாரி. புலிகூட ஒரு பலகை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தது. எல்லோரும் உள்ளே படுத்து, பனி சொட்டுகிற சத்தத்தைக் கேட்டு, ஆளுக்கொரு யோசனையை ஆரம்பித்தார்கள். ஆனால் "ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்" என்று சொல்ல ஆள் வேண்டுமே? காட்டில் இருந்தது ஒரே ஒரு நரி.

சீனிச்சாமி ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு ஓடியது. எல்லோரும் ஐயா ஆகிவிட்டதால் மனு கொடுக்க யாரும் வரவில்லை. அதனால் பழமும் வரவில்லை. ஆனாலும் உள்ளேயிருந்து ஒவ்வொருவராக, "சீனி, சொல்லிக்கிட்டே இரு, நிறுத்தாதே! கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் தூக்கம் வருது!" என்று கூப்பிட்டார்கள். ஓடி ஓடி, கத்திக் கத்தி, தை பிறப்பதற்குள் நரி சுருண்டு விழுந்தது. படுத்தேவிட்டது.

அவ்வளவுதான். பலகைகளெல்லாம் கழன்றன. யானை முதல் எறும்புவரை எழுந்து, வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆளுக்கொரு பழம் எடுத்துக்கொண்டு, பார்க்கப் புறப்பட்டார்கள். முள்ளம்பன்றி எல்லோருக்கும் முன்னால், கையை அகல விரித்துக்கொண்டு போனது.

நரி மெல்ல எழுந்து உட்கார்ந்து, "வாங்க, வாங்க" என்றது. "சாப்பிட்டீங்களா?"

நீதி: ஓய்வு வேண்டுகிறவர் வீட்டில் படுக்கலாகாது. கதவுக்கு ஒரு பலகையும் வாசலுக்கு ஒரு நரியும் அமையும்வரை, கூப்பிட்ட குரலுக்கு ஓடிக்கொண்டிருப்பதே உடம்புக்கு நல்லது.